படுக்க வைப்பதா, நிமிர்த்துவதா

குரலைக் கேட்டதும் கை நின்றுபோச்சு. கீழே உருண்டுபோன ஸ்க்ரூவைத் தேடி மேசைக்கு அடியில் தலையை விட்டிருக்கிறேன், மேலே யாரோ கடை முதலாளி நவாஸ் பாயிடம் பேச வாயெடுக்கிறார்கள், ரெண்டு தடவை தொண்டையைச் செருமுகிறார்கள், அப்புறம் "கவனிங்க" என்கிறார்கள். கவனிங்க. ஸ்க்ரூ ஒரு சாண் தள்ளி மினுங்குகிறது, எடுக்கத் தோணவில்லை. முகத்தைப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. எனக்குக் காது அப்படி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பெட்டி மேலே இருக்கிறதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டு அது இன்னும் எத்தனை மாசம் தாங்கும் என்று சொல்லிவிடுவேன், அதுக்காகத்தானே பாய் என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி மூலையில் சாத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார், பதினாலு வருஷம் ஆச்சு. அந்தக் காது சொல்கிறது, இது தெய்வசிகாமணி. அம்பத்தூரில் வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனியில் எனக்கு சூப்பர்வைசராக இருந்த தெய்வசிகாமணி. நாற்பது பொம்பளைகளுக்கு நடுவில் என்னை நிற்க வைத்து, என் கை தப்பு என்று என் வாயாலேயே சொல்ல வைத்தவன். இருபத்தொன்பது வருஷமாக, இந்தக் குரல் என் எதிரே வந்தால் என்ன செய்யணும் என்று பஸ்ஸில் நிற்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் ஒவ்வொன்றாக யோசித்து வைத்திருக்கிறேன். கடைசியில் அது வரும்போது நான் மண்டியிட்டுக் கிடக்கிறேன், அவன் காலுக்கு ரெண்டடி தூரத்தில். நல்ல பாலிஷ் போட்ட செருப்பு. கால் விரல் மட்டும் வீங்கியிருக்கு.

"கவனிங்க, பெங்களூர்ல என் மாப்பிள்ளை வீட்ல பாத்தேன். அந்த கிராபிக்ஸ் கார்டு பெட்டியோட பக்கக் கண்ணாடிக்கு நேரா அப்படியே நிமிந்து நிக்குது, லைட்டெல்லாம் எரியுது. மத்தவங்களுது மாதிரி உள்ள படுத்துக் கெடக்கக் கூடாது. எனக்கும் நிக்கணும்," என்கிறான். பாய் சிரிக்கிறார். "நிக்க வெச்சிடலாம் சார். இந்த வயசுல கேமா?" "கேம் இல்லய்யா, கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டறேன். நெஜ மேப்பு, நெஜ ரன்வே. மீனம்பாக்கத்துல ஏத்துவேன், கொழும்பு வரைக்கும் போயிடுவேன். எறக்கும்போதுதான் படம் நின்னு நின்னு வருது. மூணு தடவ கடல்ல விட்டுட்டேன்." "நல்லவேளை சார், நான் அதுல டிக்கெட் எடுக்கல." ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள். சிரிப்புகூட அதேதான், மூக்கால் வருகிற சிரிப்பு. நான் ஸ்க்ரூவை எடுத்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். பாரு, என்னைப் பாரு. பார்த்தான். பார்த்துவிட்டு என் பின்னால் அடுக்கியிருக்கிற கேபினெட்டுகளைப் பார்க்கிறான். தெரியவில்லை. ஒரு துளிகூடத் தெரியவில்லை! எப்படித் தெரியும், அவன் எங்கள் முகத்தைப் பார்த்தவனே இல்லையே, எங்கள் பின்னால் நடந்து வருவான், தோளுக்கு மேலே எட்டிக் கையைத்தான் பார்ப்பான், நாற்பது ஜோடிக் கை. "இவங்கதான் சார் மாட்டுவாங்க," என்கிறார் பாய். "பொம்பளையா?" "பதினாலு வருஷமா இவங்கதான். இவங்க மாட்டுன மெஷின் கொறைன்னு ஒண்ணு திரும்பி வந்து நான் பாக்கல." "எனக்குப் பொம்பளைங்க வேலை தெரியும்யா, நாப்பது பேர மேய்ச்சவன் நான்," என்றான், மேய்ச்சவன் என்றே சொன்னான், சொல்லிவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டேகால். பாய் கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்புகிறார். வாசல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து, உள்ளே பார்த்து என்னிடம் சொல்கிறார்: "அக்கா, ஒரு தடவ சொல்லிடுங்க." இது எங்கள் கடைச் சட்டம். வாங்குகிறவர் எதைக் கேட்டாலும் செய்து கொடுக்கலாம், ஆனால் அதில் கெடுதல் இருந்தால் மாட்டுகிறவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். அதுக்கப்புறமும் வேணும் என்றால் அவர் பாடு. ஒரு தடவை. ஒரு வாக்கியம். பாய் போய்விட்டார், ரிச்சி தெருவின் இரைச்சல் பாதி ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, உள்ளே நானும் அவனும், நடுவில் அவனுடைய மெஷினும். அந்த ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை.

போர்டு மாட்டியாச்சு, பிராசஸர், மெமரி எல்லாம் காலையிலேயே முடிந்தது, இனி திரைக்குப் படம் கொடுக்கிற கார்டுதான். பெட்டியைப் பிரித்து எடுக்கிறேன். முழங்கை நீளம், செங்கல் கனம், மூணு விசிறி. இதை மாட்ட மூணு வழி இருக்கு. ஒண்ணு, போர்டில் இருக்கிற நீளப் பள்ளத்தில் நேராகச் சொருகிப் படுக்க வைக்கிறது, விசிறி கீழே பார்க்கும், ஒரு பக்கம் ஸ்க்ரூ பிடிக்கும், அடுத்த முனை அந்தரத்தில் தொங்கும், அதுக்கு அடியில் ஒரு சின்னத் தாங்கி முட்டுக் கொடுத்தால் பத்து வருஷம் அசையாது. ரெண்டு, அதே படுக்கை, தாங்கி இல்லாமல். அது பொறுமையாகப் பழி வாங்குகிறவர்களுக்கு. கனம் இழுக்க இழுக்க முனை சாயும், மாசத்துக்கு ஒரு நூலளவு, ஒருநாள் பள்ளத்தில் விரிசல் விடும், யாருக்கும் ஏன் என்று தெரியாது. மூணாவது, இவன் கேட்கிறது, ஒரு நாடா கேபிளைப் போட்டு, தனி இரும்புச் சட்டத்தில் நிமிர்த்தி, விசிறி மூணும் கண்ணாடியைப் பார்க்க நிற்க வைக்கிறது. அகலக் கேபினெட்டாக இருந்தால் அதுவும் நல்லதுதான், நானே எத்தனையோ மாட்டியிருக்கேன். இது ஒல்லிக் கேபினெட். சட்டத்தைச் சும்மா வைத்துப் பார்த்தேன். கார்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. விசிறி காற்றுக்கு எங்கே போகும்? தான் விட்ட சூட்டைத் தானே இழுக்கும், மூஞ்சிமேல் போர்வையைப் போட்டு அமுக்கின மாதிரி. இவன் கொழும்புக்குப் போகப் போக அது உள்ளே கிடந்து அலறும். அலறலைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும், ஆனால் இவன் வலது காதில் மெஷின் மாட்டியிருக்கிறான், அது இறங்கி இறங்கி வருகிறது, விரலால் தள்ளித் தள்ளி விடுகிறான், இடது காது சுத்தமாகக் கேட்காது போலிருக்கு, தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறான். ஒரு சித்திரை தாங்கும். அடுத்த சித்திரைக்குள் முடிந்துவிடும். நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. சார் கேட்டார், நிமிர்த்தி வைத்தேன். ஒரு பழி இவ்வளவு சுலபமாக, தட்டில் வைத்து, எதிராளியே தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பானா? கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பானா? சட்டத்தை எடுத்தேன். முதல் ஸ்க்ரூவை முறுக்கினேன். கை நடுங்கவில்லை, அதைக் கவனித்தேன், ரொம்ப நன்றாக இருந்தது.

அன்றைக்குத்தான் நடுங்கினது. சுற்று மெஷின் முன்னால் உட்கார்ந்து செம்புக் கம்பியை விடுவோம், ஒரு காயிலுக்கு எழுநூற்றுச் சொச்சம் சுற்று, மற்றவர்கள் சுற்றை எண்ணுகிற முள்ளைப் பார்ப்பார்கள், எனக்கு அது வேண்டாம், ஒரு அடுக்கு முடிந்து அடுத்த அடுக்கு ஏறும்போது கம்பி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும், உச்சுக்கொட்டுகிற மாதிரி, அதை வைத்தே நிறுத்துவேன், ஒரு சுற்று கூடக் குறைய இருக்காது. சுற்றி முடித்த காயிலில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டணும், யார் சுற்றினது என்று தெரியணுமே, எனக்குப் பச்சை, பக்கத்தில் ஜாக்குலினுக்கு மஞ்சள், கோகிலாவுக்குச் சிவப்பு. கோகிலா தெய்வசிகாமணிக்கு மச்சினி. சினிமாக் கதை சொல்லிக்கொண்டே சுற்றுவாள், கதாநாயகி அழும்போதெல்லாம் பத்துச் சுற்று விட்டுப்போகும். ஒருநாள் நாற்பத்திரெண்டு காயில் புகைந்துபோய்த் திரும்பி வந்தது. மேசைமேல் கொட்டினார்கள், கருகின வார்னிஷ் வாடை. நாற்பத்திரெண்டிலும் பச்சை நூல். என் நூல். கிட்டே போய் ஒன்றைக் கையில் எடுத்தேன், எடுத்ததுமே தெரிந்துவிட்டது. நான் இடது கைக்காரி. என் முடிச்சு இடப்பக்கம் புரளும், நுனி இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்த நாற்பத்திரெண்டும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது கைக்காரர் யாரோ சிவப்பை அறுத்துவிட்டுப் பச்சையைக் கட்டியிருக்கிறார். நூல்கண்டு எல்லாம் யாருடைய டிராயரில் இருந்தது? அவன் டிராயரில். கட்டினவனுக்கு அத்தனை அவசரம், என் கை எந்தக் கை என்று ஒரு நிமிஷம் யோசித்தானா? தினம் பீச்சாங்கை பீச்சாங்கை என்று என்னைக் கூப்பிடுகிற அதே வாய், கூப்பிட்டுவிட்டு, கட்டும்போது மட்டும் மறந்துபோச்சு. "சார், கவனிங்க சார், என் முடிச்சு இந்தப் பக்கம் சாயும், இது அந்தப் பக்கம் சாயுது," என்று அவன் வார்த்தையையே எடுத்து அவனிடம் கெஞ்சினேன். நல்லதாக ஒன்று, கெட்டதாக ஒன்று, ரெண்டையும் அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். பார்த்தான். பார்த்தான் என்பது எனக்குத் தெரியும், அவன் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பி அடங்கியது. "முடிச்சுல என்னம்மா இருக்கு," என்றான், "கைதான் தப்பு. சொல்லு, என் கை தப்புன்னு சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்." ஜாக்குலின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலா கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள், அவள் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது, தப்பான இடத்தில் நிறுத்தினாள், அப்போதும் என் காது அதைக் கவனித்தது. சொன்னேன். என் கை தப்பு. அதுக்கப்புறம் அம்பத்தூரில் எந்தக் காயில் கம்பெனி வாசலுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தப் பேச்சு போய் உட்கார்ந்திருந்தது, பூங்காவனமா, அவ கை சரியில்லயாமே. எட்டு வருஷம் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்தேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், ஆனால் குழம்பில் உப்பு கூடினால்கூட ஒரு தடவை என் கையைப் பார்ப்பார்.

"நீங்க பீச்சாங்கையா?" என்கிறான். தூக்கிவாரிப்போட்டது. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதே பார்வை, முகத்துக்கு ஏறாத பார்வை. "ஆமா சார்." "கவனிங்க, எங்க கம்பெனில ஒருத்தி இருந்தா, பீச்சாங்கைதான். எப்படிச் சுத்துவா தெரியுமா? முள்ளப் பாக்கவே மாட்டா. கண்ண மூடிக்கிட்டுச் சுத்துனாலும் கணக்கா நிக்கும். அந்த மாதிரி கை நான் அப்புறம் பாக்கல." ஸ்க்ரூ டிரைவர் ஸ்க்ரூவை விட்டு வழுக்கி சட்டத்தில் ஒரு கீறல் போட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் நான் யோசித்து வைத்த எதிலேயும் இது இல்லை, இவன் என்னைப் புகழுவான் என்று. ச்சீ, இந்த நாயின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்தால் எனக்கு ஏன் இனிக்குது, காத்திருந்தேனா இதுக்கு? "அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க சார்?" என்று கேட்டேன், குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "என்ன?" என்று வலது காதைத் திருப்பினான். சத்தமாகக் கேட்டேன். "ஓ, அவளா. கடைசில என்னமோ தப்புல மாட்டிக்கிட்டா. போயிட்டா." "என்ன தப்பு?" "என்னமோ. பழைய கதை. யாருக்கு ஞாபகம்." "பேரு என்ன சார் அவங்க பேரு?" மேலே பார்த்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அதுதான் பெரிய கொடுமை. காது மெஷினைத் தள்ளிக்கொண்டான். "பேரு தெரிலம்மா. பீச்சாங்கைன்னுதான் கூப்புடுவோம்." என்னமோ தப்பு. நாற்பத்திரெண்டு முடிச்சை இவன் கையால் போட்டுவிட்டு, என்னமோ தப்பு. சரி. சரிடா. மிச்சம் ஸ்க்ரூ மூணையும் ஒரே மூச்சில் முறுக்கினேன். நாடாவைச் சொருகினேன், பாயிடம் ரெண்டு நாடா இருக்கு, ஒன்று புதுசு, ஒன்று பழைய மாடல், இந்தப் போர்டுக்கு அது தோதுப்படாது, நடு ஆகாயத்தில் திரை திடீரென்று கறுத்துப்போகும். பழையதையே போட்டேன். சூடு ஒரு பக்கம் கொல்லட்டும், இது ஒரு பக்கம் கொல்லட்டும். கார்டைத் தூக்கிச் சட்டத்தில் நிமிர்த்தினேன். நின்றது. அழகாகத்தான் நின்றது. "ஆஹா, அதான், அதான்," என்று கையைத் தட்டினான், எழுபது வயசுக்கு மேலே இருக்கும், கையைத் தட்டுகிறான். தட்டு. ஒரு வாக்கியம் என்னிடம் இருக்கு, அது உனக்குக் கிடைக்காது. நீ அன்றைக்கு எனக்குக் கொடுக்காத மாதிரியே.

எல்லாம் முடிந்தால் கடைசியில் ஒன்று செய்வேன். என் மேசை டிராயரில் பச்சை நூல்கண்டு இருக்கு. நான் மாட்டுகிற ஒவ்வொரு மெஷினிலும், பின்பக்கத் தகடுக்குள்ளே, பெரிய பவர் கேபிளில் ஒரு பச்சை முடிச்சு போடுவேன், இடப்பக்கம் சாய்கிற முடிச்சு. யாருக்கும் தெரியாது, தகட்டை மூடினால் தெரியாது. பாய் மட்டும், "என்னக்கா, மெஷினுக்குத் தாயத்தா?" என்று கேலி பண்ணுவார். தாயத்துதான். பதினாலு வருஷத்தில் எத்தனையோ மெஷின், அத்தனையிலும் என் கை சரி, என் கை சரி என்று சொல்லிக்கொண்டு ஒரு முடிச்சு உட்கார்ந்திருக்கு. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கேபிளைச் சுற்றிக் கொண்டுவந்தேன், இடது நுனி மேலே, வலது நுனி கீழே, இழுக்கணும், இழுக்கவில்லை. கை மாட்டிக்கொண்டது. இந்த மெஷின் அடுத்த சித்திரைக்குள் புகையும். தூக்கிக்கொண்டு வருவான். பாய் தகட்டைக் கழற்றுவார். உள்ளே என் நூல் இருக்கும், என் முடிச்சு, சந்தேகமே இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்து. சுண்டுவிரல் நுழையாத இடத்தில் கார்டை நிமிர்த்தினது யார், தோதுப்படாத நாடாவைச் சொருகினது யார், ஒரு தடவை சொல்லாமல் விட்டது யார்? பூங்காவனம். அவ கை தப்பு. அவன் இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்யை இன்றைக்கு என் கையாலேயே நான் நிஜமாக்கிக் கொடுக்கிறேன். அப்படியென்றால் கட்டாதே. இதுக்கு மட்டும் நூல் கட்டாதே, யார் கண்டது? நான் கண்டேனே. நூல் இல்லாத ஒரே ஒரு மெஷின் இந்த ஊரில் எங்கேயோ புகைந்துகொண்டு இருக்கும், அதை நினைக்காமல் ஒருநாள் தூங்குவேனா? வேறு நிறம் கட்டு. சிவப்பு கட்டு. கோகிலா தலையில் போடு. போட்டுவிட்டால் நான் யார்? வலப்பக்கம் முடிச்சு போடுகிறவள். அவனாகிவிடுவேன். பாதி இழுத்த நூல் விரலில் வெட்டுகிறது, ரத்தம் கட்டி நுனி சிவக்கிறது. இது என்ன பழி, எந்தப் பக்கம் இழுத்தாலும் என் கழுத்தைத்தானே இறுக்குது? பொம்பளை நீ ஒரு முட்டாள், ஏ பூங்காவனம், இவ்வளவு வருஷம் யோசித்து, அவன் சாமானைக் கெடுக்கிறதையா யோசித்தாய், இந்த ஆளுக்குச் சாமான் போனால் இன்னொன்று வாங்குவான். அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது என்ன நடந்தது என்கிற ஞாபகம். யாருக்கு ஞாபகம் என்று சிரிக்கிறானே, அதைப் பிடுங்கணும். அந்த மறதியைப் பிடுங்கணும். மசூதிப் பக்கம் ஸ்பீக்கரில் ஏதோ ஓதுகிற சத்தம் வருகிறது, பாய் வர இன்னும் அரைமணி ஆகும்.

நூலை உருவினேன். கார்டை இறக்கினேன். "என்னம்மா கழட்டற?" என்று பதறினான். வலது காதுப் பக்கம் போய் நின்று சொன்னேன், ஒரு தடவை, நிதானமாக, "சார், இந்தக் கேபினெட்ல நிமித்தினா கார்டுக்கு மூச்சு முட்டும். ஒரு வருஷத்துல போயிடும். படுக்க வெச்சுத் தாங்கி குடுத்தா பத்து வருஷம் ஓடும். உங்க இஷ்டம்." வாக்கியம் போய்விட்டது, வாய் காலியாக இருந்தது, பல் பிடுங்கின மாதிரி. அவன் கண்ணாடியைப் பார்த்தான், கார்டைப் பார்த்தான். "மாப்பிள்ளையோடது நிக்குதே?" "அவருது அகலப் பெட்டியா இருக்கும் சார்." "ஒல்லிதான் அழகுன்னு நான்தான் கேட்டேன்," என்று முணுமுணுத்தான், அப்புறம், "படுக்கட்டும் போ. கொழும்புல எறங்கினா சரி," என்றான். சட்டத்தையும் அந்தப் பழைய நாடாவையும் பிடுங்கி ஓரமாகப் போட்டேன். கார்டைப் பள்ளத்தில் நேராக வைத்து ரெண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன், டொக்கென்று ஒரு சத்தம், சரியாக உட்கார்ந்தால் மட்டும் வருகிற சத்தம். அடியில் தாங்கியை நிறுத்தி மெல்ல மெல்ல உயர்த்தினேன், முனை தொடும் இடத்தில் நிறுத்தினேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமாக ஒரு கார்டை மாட்டினதில்லை. மாட்டிவிட்டுப் பச்சை நூலை எடுத்தேன். இந்தத் தடவை பின்பக்கம் இல்லை, முன்னால், கண்ணாடிக்கு நேரே, அந்தக் கறுப்புத் தாங்கிமேல், நட்ட நடுவில் என் முடிச்சைப் போட்டேன். மிச்சம் ஒரு துண்டு நூலை அவன் பக்கம் நீட்டினேன். "நீங்களும் ஒண்ணு கட்டுங்க சார். எங்க கடை வழக்கம். மாட்டினவங்க ஒண்ணு, வாங்கறவங்க ஒண்ணு." பொய். இன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். "கண் திருஷ்டிக்கா?" என்று சிரித்தான். "முடிச்சு எனக்குச் சொல்லியா குடுக்கணும், ஒரு நாளைக்கு ஆயிரம் பாத்தவன்." பழகின விரல், தாங்கியைச் சுற்றி நூலைக் கொண்டுவந்து, வலதைத் தூக்கி இடதுமேல் போட்டு, ஒரு புரட்டு, ஒரு இழுப்பு. என் முடிச்சுக்கு மேலே அரை அங்குலத்தில் அவன் முடிச்சு. ஒரே நூல், ஒரே பச்சை. என்னுடையது இடப்பக்கம் சாய்ந்து, அவனுடையது வலப்பக்கம் சாய்ந்து. ஒரே குடும்பக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி.

"கவனிங்க சார்," என்றேன். "என் முடிச்சு இந்தப் பக்கம் சாயுது. இது அந்தப் பக்கம் சாயுது."

முதலில் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி. அப்புறம் அவன் கை, நூலை விட்ட கை, காற்றிலேயே நின்றது. முடிச்சைப் பார்த்தான். என் இடது கையைப் பார்த்தான். அங்கிருந்து கண் ஏறினது, முழங்கை, தோள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண் என் முகம் வரைக்கும் ஏறி வந்தது. கழுத்தில் அந்த நரம்பு எழும்பினது. இந்தத் தடவை அடங்கவில்லை. "பீச்சாங்..." என்றான். "பூங்காவனம்," என்றேன். "பேரு பூங்காவனம், சார்." மன்னிப்புக் கேட்பானோ என்று ஒரு பயம் வந்தது எனக்கு, நிஜமான பயம், கேட்டுவிட்டால் என்ன செய்வேன், கேட்டுவிட்டு லேசாகிப் போய்விடுவானே, அதைக் கேட்கக்கூடாது என்று அவசர அவசரமாகக் கண்ணாடியைத் தூக்கிப் பொருத்தி ஸ்க்ரூ நாலையும் முறுக்கினேன். பட்டனை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. மூணு விசிறியும் சுற்ற ஆரம்பித்தது, காதை வைத்துக் கேட்டேன், ஒரு உரசல் இல்லை, ஒரு முனகல் இல்லை, பத்து வருஷம். உள்ளே நீல வெளிச்சத்தில் ரெண்டு பச்சை முடிச்சும் கண்காட்சியில் வைத்த மாதிரி தெரிந்தது. அவன் விசிறியைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. "கவனி... இங்க பாரும்மா," என்றான், குரல் கம்மியிருந்தது, "அந்த நூல மட்டும் எடுத்துடு. பாக்கறவங்க என்னன்னு கேப்பாங்க." வாசலில் ஷட்டர் உயருகிற சத்தம், பாய் குனிந்து உள்ளே வருகிறார், தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "என்னக்கா, நிமித்தியாச்சா?" என்கிறார்.

"படுக்க வெச்சிட்டேன் பாய்," என்றேன். அப்புறம் அவனுடைய வலது காதுப் பக்கம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "மூடினதை நான் தொறக்கறதில்ல சார். நாலே ஸ்க்ரூதான், வீட்ல போயி நீங்களே கழட்டி எடுத்துக்குங்க. எடுக்கும்போது உங்களோடது எது, என்னோடது எதுன்னு பாத்து எடுங்க."